வலது ஸ்டீயரிங், வலது ரோடு: பின்னால் பார்க்கக் கண்ணாடியா, கேமராவா?

தம்பி, நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், இதே குழப்பத்தோடு ரங்கூனில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வண்டி 2010 மாடல் நிஸான் எக்ஸ்-ட்ரெயில், ஜப்பானிலிருந்து வந்த வலது கை ஸ்டீயரிங். வீடு தாம்வேயில் ஒரு சந்துக்குள். அடிக்கடி மாண்டலே ஹைவேயில் போய்வர வேண்டியிருக்கிறது, சில நாள் நீங்கள் ஓட்டுகிறீர்கள், சில நாள் அறுபது தாண்டிய அப்பா ஓட்டுகிறார். கடைக்காரர், உள் கண்ணாடி மேல் மாட்டுகிற 12 இஞ்ச் ஸ்ட்ரீமிங் மிரர் (பின் கேமரா பார்ப்பதைக் காட்டுகிற திரை) ஒன்று, இரண்டு பக்கமும் குட்டிக் கேமரா ஒன்று, இதைப் போட்டால் சைடு மிரர் பக்கம் திரும்பவே வேண்டாம் என்கிறார். அப்பா, கண்ணாடி போதும், காசைக் கரியாக்காதே என்கிறார். யார் சொல்வது சரி?

ரிவர்ஸ் எடுக்கும்போது கடைக்காரர் சொல்வது சரி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா சொல்வது சரி. ஆனால் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: நம் ஊரில் இடது பக்கக் கண்ணாடிக்கு ஒரு தனிப் பிரச்சினை, அதற்கு ஒரே ஒரு கேமரா நன்றாக உதவும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1970 டிசம்பர் 6 வரை இங்கே வண்டி இடது பக்கம் ஓடியது, வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். நே வின் ஆட்சியில் ஒரே நாளில் வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஜோசியர் சொன்னார் என்பார்கள், கனவு வந்தது என்பார்கள், அதை விடுங்கள். ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. 2011-க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் ஜப்பான் பழைய வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின, எல்லாம் வலது கை ஸ்டீயரிங். 2018 இறக்குமதி விதியில் இடது கை ஸ்டீயரிங்குக்குத்தான் அனுமதி என்று வந்தாலும், ஏற்கெனவே வந்தவை இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ப்ரோபாக்ஸ் டாக்சி, ஃபீல்டர், விஷ், ஃபிட், உங்கள் எக்ஸ்-ட்ரெயில், எல்லாமே அந்தக் கூட்டம்தான்.

ஜப்பானில் இந்த வண்டி இடது பக்கம் ஓடும். ஓவர்டேக் செய்வது வலது பக்கமாக, டிரைவரும் வலது பக்கம். அதாவது உயிருக்கு முக்கியமான கண்ணாடி கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும், நடைபாதைப் பக்கத்துக் கண்ணாடி தூரத்தில் இருக்கும். இங்கே ரோட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது நடைபாதை ஓரம், ஓவர்டேக் செய்வது இடது பக்கமாக, அந்தப் பக்கத்துக் கண்ணாடி பக்கத்து சீட்டுக்கு அப்பால். முன்னால் பஸ் போனால், எதிரே என்ன வருகிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவர் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய லைன் பஸ்ஸில் ஸ்பேர், அதாவது கண்டக்டர், செய்த வேலைகளில் இதுவும் ஒன்று. பின்னால் வருவதை யார் சொல்வார்கள்? இடது மிரர் மட்டும்தான்.

அந்த இடது மிரர் எவ்வளவு காட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சைடு மிரர் தட்டைக் கண்ணாடி கிடையாது, வெளிப்பக்கம் லேசாகக் குவிந்தது. அப்படிக் குவித்தால்தான் அகலமாகத் தெரியும், ஆனால் எல்லாம் சிறிதாகத் தெரியும். ஐரோப்பிய விதிப்படி அந்த வளைவின் ஆரம் 1200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அந்த 1200-ஐயே வைத்துக்கொள்வோம். உங்கள் கண்ணிலிருந்து வலது மிரர் சுமார் 70 செ.மீ., இடது மிரர் சுமார் 1.35 மீட்டர். பின்னால் தூரத்தில் வருகிற ஒரு லாரி, தட்டைக் கண்ணாடியில் தெரியும் அளவை ஒன்று என்று வைத்தால், வலது மிரரில் 0.46, இடது மிரரில் 0.31. அதாவது ஓவர்டேக் செய்யும் பக்கத்தில் லாரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கித் தெரிகிறது. சிறிதாகத் தெரிவதை மூளை தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பயணி பக்கத்துக் குவிந்த மிரரில், தெரிவதைவிட வண்டிகள் பக்கத்தில் இருக்கின்றன என்று எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம், டிரைவர் பக்கம் அங்கே தட்டைக் கண்ணாடிதான். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை வேண்டியது நடைபாதைப் பக்கத்துக்கு. நமக்கு வேண்டியது ஓவர்டேக் பக்கத்துக்கே.

இதனால் முதலில் பழக வேண்டியது, காசே இல்லாதது: இடது மிரரில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள், எவ்வளவு தூரத்தில் என்பதை உள் கண்ணாடியில் பாருங்கள். உள் கண்ணாடி தட்டை, அதில் தெரியும் அளவு பொய் சொல்லாது. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள், ஜப்பான் பழைய வண்டிகள் பலவற்றில் முதல் உரிமையாளர் அகலமான ஒரு கண்ணாடியை உள் கண்ணாடி மேல் கிளிப் போட்டு மாட்டியிருப்பார், அதை நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் வளைந்தது. பின்பக்கம் 3000ஆர் என்று அச்சிட்டிருந்தால் 3 மீட்டர் ஆரம் என்று அர்த்தம், அதிலும் வண்டி சுமார் 0.7 அளவுக்குச் சுருங்கும். கழற்றி வையுங்கள்.

அப்புறம் கண்ணாடியில் தொங்குகிற சாமான்கள். சிக்னலில் விற்கிற மல்லிகைச் சரம், தபியே இலை, கோயில் கயிறு, கடைசியாக வாசனைக்கு ஒன்று. புது வண்டி என்றால் நம் ஆட்கள் மட்டுமில்லை, பர்மாக்காரர்களும் பீலிக்கான் முனீஸ்வரரிடம் கொண்டுபோய் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் ஓட்ட ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் சரத்தை டேஷ்போர்டில் வைத்தாலும் முனீஸ்வரர் கோவித்துக்கொள்ள மாட்டார். கண்ணாடியில் பாதியை மறைத்துவிட்டு அதற்குக் கேமரா வாங்குவது வேடிக்கை.

சைடு மிரரை வைக்கும் விதமும் பலருக்குத் தப்பாக இருக்கிறது. சொந்த வண்டியின் கதவே கண்ணாடியில் கால்வாசி தெரிகிற மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கால்வாசி வீண், உள் கண்ணாடி ஏற்கெனவே அந்தப் பகுதியைக் காட்டுகிறது. 1995-இல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய ஆய்வில் சொன்ன முறைதான் இன்றைக்கும் நல்ல முறை. நம் வண்டிக்கு அதை இப்படிச் செய்யலாம்: தலையை வலது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குச் சாய்த்து, வலது மிரரில் வண்டியின் பக்கம் ஒரு கோடாகத் தெரியும் வரை வெளியே தள்ளுங்கள். பிறகு தலையை வண்டியின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து இடது மிரரிலும் அதேபோல. நேராக உட்கார்ந்தால் சொந்த வண்டி தெரியாது, முதல் இரண்டு நாள் என்னமோ போலிருக்கும். ஆனால் பின்னால் வருகிற வண்டி உள் கண்ணாடியை விட்டு நகர்ந்ததும் இடது மிரரில் வரும், அதை விட்டு நகரும்போது உங்கள் ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிடும். ரங்கூனுக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிள் கிடையாது, அதனால் நாம் சுகமாகப் பழகிவிட்டோம். பெகு, மோல்மேன் பக்கம் போய்ப் பாருங்கள், இரண்டு பக்கமும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உரசிக்கொண்டு வரும், மிரரைச் சரியாக வைக்காதவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

உங்கள் வண்டியின் இடது முன் மட்கார்டு மேல் ஒரு குட்டிக் கண்ணாடி நின்றுகொண்டிருக்குமே, அது என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பான்காரர்களே அதைக் காளான் மிரர் என்றுதான் சொல்கிறார்கள். உயரமான வண்டியில் முன் பம்பரை ஒட்டியும் இடது பக்கத்தை ஒட்டியும் 1 மீட்டர் உயரம், 30 செ.மீ. விட்டமுள்ள ஒரு உருளை நின்றால் டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்று அங்கே விதி. உருளை என்றால் குழந்தை என்று புரிந்துகொள்ளுங்கள். அது நடைபாதைப் பக்கத்துக்காக வைத்தது, இங்கே ரோட்டின் நடுப்பக்கம் வந்துவிட்டது. சில விலை கூடிய வண்டிகளில் அதற்குப் பதிலாக இடது மிரரின் அடியில் ஒரு கேமரா இருக்கும், லேண்ட் குரூசர் 200 மாதிரி. அதைப் பார்த்துவிட்டு இடது பக்கத்துக்குக் கேமரா ஏற்கெனவே இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது கீழே முன் சக்கரத்தைப் பார்க்கிற கேமரா, பின்னால் வருவது அதில் தெரியாது. ஓவர்டேக்குக்கு ஒன்றுக்கும் உதவாது.

சரி, ரிவர்ஸுக்கு வருவோம். இங்கே எனக்குத் தயக்கமே இல்லை, பேக் கேமரா இல்லாவிட்டால் உடனே போடுங்கள். காரணம், பம்பருக்குப் பின்னால் தரையோடு இருப்பதை எந்தக் கண்ணாடியும் காட்டாது, எக்ஸ்-ட்ரெயில் மாதிரி உயரமான வண்டியில் இன்னும் மோசம். தாம்வே சந்தில் டீக்கடை ஸ்டூலின் உயரம் உங்களுக்குத் தெரியும், முழங்காலுக்குக்கூட எட்டாது. ஆள் எழுந்து போயிருப்பார், ஸ்டூல் அங்கேயே இருக்கும், சில நேரம் அதன் பக்கத்தில் ஒரு பிள்ளை குந்திக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ரிவர்ஸ் எடுக்கும் வண்டி மோதி வருடத்துக்குச் சராசரியாக 210 பேர் சாகிறார்கள், 15,000 பேர் காயப்படுகிறார்கள் என்று அவர்களுடைய சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2014-இல் கணக்குச் சொன்னது. செத்தவர்களில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குக் கீழே. அதிலும் கொடுமை, ஓட்டுபவர் பல நேரம் அந்தப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். 2002-இல் அப்படித் தன் அப்பா ஓட்டிய வண்டியிலேயே சிக்கி இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில்தான் அங்கே சட்டம் வந்தது. அதன்படி 2018 மே முதல் அங்கே விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் பின் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் சுமார் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் தெரிய வேண்டும், ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் வர வேண்டும். ஜப்பானும் 2022 மே முதல் புது மாடல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

ஆனால் பேக் கேமராவைக் கண்டுபிடித்தது சட்டம் அல்ல. 1991 டொயோட்டா சோவாரரிலேயே பின் ஸ்பாய்லரில் கேமரா வைத்து ஜப்பானில் விற்றார்கள். அந்த ஊர்ப் பழைய வண்டி வாங்கும் நமக்கு இதனால் ஒரு லாபம், பல வண்டியில் கேமரா ஏற்கெனவே இருக்கும், பாட்டரியைக் கழற்றியதும் நேவி (வழிகாட்டும் வரைபடத் திரை) பூட்டிக்கொண்டு ஜப்பான் எழுத்தில் ஏதோ கேட்கும், அதனால் கேமராவே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேமரா நன்றாகத்தான் இருக்கும். நேவியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஆண்ட்ராய்டில் ஓடுகிற திரை செட் போடும்போது அந்த அசல் கேமராவையே இணைத்துத் தரச் சொல்லுங்கள். வயரிங் செய்பவரிடம் ஒரு வார்த்தை, சில டொயோட்டா அசல் கேமராக்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை, ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அன்றைக்கே செத்துவிடும். உங்களுடையது நிஸான் என்றாலும் மீட்டர் வைத்து அளந்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

புதுக் கேமரா என்றால் இன்னொன்று. பின் கேமராவின் படம் கண்ணாடி மாதிரி இடம் வலம் திரும்பியிருக்க வேண்டும். மலிவுக் கேமராவில் வயர் நடுவே சிறு வளையம் ஒன்றோ இரண்டோ நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றை வெட்டினால் படம் திரும்பும், இன்னொன்றை வெட்டினால் பார்க்கிங் கோடு போகும். தெரியாமல் தப்பானதை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். வண்டியை எடுப்பதற்கு முன் ஒருவரைப் பின்னால், வண்டியின் வலது பக்கம் நிற்கச் சொல்லி, திரையிலும் வலது பக்கம் நிற்கிறாரா என்று பாருங்கள். அந்தக் கோடுகளையும் அப்படியே நம்ப வேண்டாம், மலிவுக் கேமராவில் அவை வெறும் ஸ்டிக்கர் மாதிரி, உங்கள் வண்டியின் அகலத்தோடு சம்பந்தமில்லை. பம்பரிலிருந்து ஒரு மீட்டரில் ஒரு செங்கல் வைத்து, அது எந்தக் கோட்டில் வருகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 12 இஞ்ச் ஸ்ட்ரீமிங் மிரர். இது ஏமாற்று வேலை இல்லை. நிஸான் 2014-லேயே இப்படி ஒன்றை அறிவித்தது, அமெரிக்காவில் 2016 காடிலாக் சிடி6-இல் வந்தது. பின் சீட்டில் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் கூரை வரை மூட்டை என்று போகிற நோவா, அல்ஃபார்ட் வண்டிகளில் உள் கண்ணாடியில் தலைகளைத் தவிர ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்குப் போகும்போது நம் வண்டியும் அப்படித்தான். அங்கே இது பொன்னானது. இரவில் பின்னால் வருபவர் டிம் போடாமல் வந்தாலும் கண் கூசாது. அகலமும் அதிகம், சாதாரண உள் கண்ணாடியைப் போல சுமார் நான்கு மடங்கு என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது.

ஆனால் அப்பாவுக்கு அது சரிப்படாது என்று நான் சொல்வதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, கண். கண்ணாடியில் பார்க்கும்போது கண் கண்ணாடியின் மேற்பரப்பைப் பார்ப்பதில்லை. தட்டையான உள் கண்ணாடியில் 30 மீட்டர் பின்னால் இருக்கிற லாரியைப் பார்த்தால் கண் 30 மீட்டருக்குத்தான் ஃபோகஸ் செய்கிறது. குவிந்த சைடு மிரரில் பிம்பம் கண்ணாடிக்குள் அரை மீட்டர் சொச்சம் ஆழத்தில் நிற்கும், நான் மேலே போட்ட கணக்கில் வலது மிரருக்கு மொத்தம் 1.3 மீட்டர், இடது மிரருக்கு ஏறக்குறைய 2 மீட்டர். திரைக்கு அப்படி ஒன்றும் கிடையாது, படம் திரையிலேயே இருக்கிறது, அது உங்கள் கண்ணிலிருந்து 60 செ.மீ. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அந்த 60 செ.மீ.க்குத் திரும்பி வர வேண்டும், இருபது வயதில் அது தெரியவே தெரியாது, அறுபதில் கண் லென்ஸ் அவ்வளவு கிட்டத்துக்கு வளையாது. தூரப் பார்வைக் கண்ணாடி போட்டு ஓட்டுபவருக்கு மிரர் எல்லாம் தெளிவாக இருக்கும், திரை மட்டும் மங்கும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி என்றால் இன்னும் சிக்கல், கிட்டப் பார்வைக்கான பகுதி கீழே இருக்கிறது, திரையோ மேலே. தாடையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஹைவேயில் தாடையைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. மிரரில் சந்தேகம் வந்தால் தலையை ஒரு சாண் நகர்த்துவோம், மறைந்திருந்தது தெரிந்துவிடும், நாம் இதை யோசித்துச் செய்வதே இல்லை. திரையில் தலையை எவ்வளவு ஆட்டினாலும் அதே படம். இரண்டு கண்ணாலும் பார்ப்பதில் கிடைக்கிற ஆழமும் அதில் கிடையாது. கூடவே, கேமரா வண்டியின் வாலில் இருப்பதால் பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரிவதைவிட நெருங்கித் தெரிவார். பழகினால் சரியாகிவிடும், ஆனால் ஒரு வண்டியை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும்போது யார் எப்போது பழகுவது?

அசல் டிஜிட்டல் மிரரில் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும், தட்டினால் திரை அணைந்து சாதாரணக் கண்ணாடியாகிவிடும். வாங்குவதாக இருந்தால் அணைத்தாலும் நல்ல கண்ணாடியாக வேலை செய்கிறதா என்று பகலில் பார்த்து வாங்குங்கள். கடையில் தொங்குகிற மலிவுச் சாமான் பலவும் அணைத்தால் கறுப்புக் கண்ணாடி, இருட்டில் ஒன்றும் தெரியாது. இரவில் எல்இடி விளக்குகள் திரையில் துடிக்கும், ஆம்புலன்ஸோ போலீஸோ என்று நினைத்து வழி விடுவீர்கள், அது சாதாரண வண்டியாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் முன் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற சாமான் எவ்வளவு சூடேறும் என்று தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். உள்ளே பாட்டரி வைத்தது வேண்டாம், கெப்பாசிட்டர் வைத்த மாடல் கேளுங்கள். கேமராவை நம்பர் பிளேட் பக்கம் வெளியே வைக்காமல், பின் கண்ணாடிக்கு உள்ளே, வைப்பர் துடைக்கிற இடத்துக்கு நேராக வையுங்கள். ரங்கூனில் வருடத்துக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை, பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடும். வெளியே வைத்த லென்ஸில் ஒரு துளி நின்றால் பாதிப் படம் போய்விடும், கண்ணாடியில் நூறு துளி நின்றாலும் இடையில் பார்த்துக்கொள்ளலாம். பின் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் கேமரா முன்னால் மட்டும் ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் குருடு.

நான் உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு. மிரர் உடைந்தால் உடைந்தது என்று தெரியும். திரை கறுத்துப்போனாலும் தெரியும். மலிவுத் திரையில் படம் உறைந்துபோனால் தெரியாது. பின்னால் யாரும் இல்லாத ஹைவேயின் படம் அப்படியே நிற்கும், ஹைவே படம் எப்படியும் ஒரே மாதிரிதானே இருக்கும். அதனால் விநாடி ஓடுகிற கடிகாரத்தைத் திரை ஓரத்தில் போட்டு வைக்கச் சொல்கிறேன், நின்றால் தெரியும். தாமதமும் உண்டு: கண்ணாடிக்குப் பதில் கேமரா வைக்கும் வண்டிகளுக்கு ஐ.நா. விதி எண் 46 வைத்திருக்கிற எல்லை 200 மில்லி விநாடிக்குக் கீழே. உங்களைவிட 20 கி.மீ. வேகம் கூடுதலாக வருபவர் அந்த நேரத்தில் 1.1 மீட்டர் நெருங்கிவிடுவார், பரவாயில்லை. ஆனால் பெட்டி மேல் அந்த எண்ணே எழுதாத சாமானில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? கடையிலேயே திரையைப் போட்டு, கேமரா முன்னால் கையை ஆட்டிப் பாருங்கள். கை ஆடுவதும் படம் ஆடுவதும் தனித்தனியாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சைடு மிரரையே எடுத்துவிட்டுக் கேமரா வைத்த வண்டிகள் நிஜமாகவே இருக்கின்றன, கடைக்காரர் அதைத்தான் உதாரணம் காட்டுவார். ஜப்பான் 2016 ஜூனில் சட்டத்தைத் திறந்துவிட்டது, 2018 அக்டோபரில் லெக்சஸ் இஎஸ் வந்தது, ஆடி இ-ட்ரான், ஹோண்டா இ எல்லாம் அதற்குப் பிறகு. அமெரிக்கா இன்னும் கண்ணாடியை எடுக்க விடவில்லை. ஆடிக்குக் கிடைத்த லாபம் காற்றுத் தடை எண் 0.28-லிருந்து 0.27 ஆனது. அதிவேகச் சாலையில் பாட்டரி வண்டிக்கு அது கொஞ்சம் தூரம் கூட்டித் தரும், ப்யே ரோட்டு நெரிசலில் ஊர்கிற நமக்கு என்ன கிடைக்கும்? அவர்கள் வண்டியை வடிவமைக்கும்போதே திரைக்கு இடம் பார்த்து, லென்ஸுக்குச் சூடாக்கி வைத்துச் செய்தார்கள். மிரரை மடித்துவிட்டு ஸ்டிக்கர் கேமரா ஒட்டுவது அதே காரியம் இல்லை.

இப்போது வருகிற பிஒய்டி மாதிரி மின்சார வண்டிகள் இடது கை ஸ்டீயரிங், அவற்றில் மேலிருந்து பார்ப்பது போன்ற 360 டிகிரிப் படம் இருக்கும். நிஸான் எல்கிராண்டில் 2007-லேயே வந்த சங்கதி அது. பார்க்கிங்குக்கு அருமை, ஆனால் நான்கு படங்களை ஒட்டுகிற மூலைகளில் மெலிந்த கம்பம் காணாமல் போகும். அந்த வண்டிக்காரர்களுக்கு நான் மேலே சொன்ன இடது மிரர் பிரச்சினையே கிடையாது, டிரைவர் பக்கத்திலேயே இருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு நான் போடச் சொல்கிற ஒரே கூடுதல் கேமரா இடது மிரரின் அடியில், பின்னோக்கிப் பார்க்கிற மாதிரி. ஹோண்டா லேன்வாட்ச் என்று 2013 அக்கார்டில் கொடுத்தது இதே யோசனைதான், டிரைவருக்குத் தூரமான பக்கத்து மிரரில் கேமரா, அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டால் நடுத் திரையில் படம். ஸ்டீயரிங்கும் ரோடும் பொருந்துகிற நாடுகளில் அது நடைபாதைப் பக்கத்துக்கு உதவியது, நமக்கோ சரியாக ஓவர்டேக் பக்கத்தில் வந்து விழுகிறது. உங்கள் ஆண்ட்ராய்டு செட்டில் இரண்டாவது கேமராவுக்கு வழி இருந்தால், படத்தை வரவழைக்கிற ட்ரிக்கர் வயரை இடது இண்டிகேட்டரில் கொடுத்தால் போதும். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதால் படமும் வந்து வந்து போகும், நடுவில் ஒரு டிலே ரிலே (விளக்கு அணைகிற இடைவெளியிலும் இணைப்பைப் பிடித்து வைப்பது) வைக்கச் சொல்லுங்கள், இதைச் சொல்லாவிட்டால் பல பேர் வைப்பதில்லை. கேமராவில் ரொம்ப அகலமான கோணம் வேண்டாம், 170 டிகிரி என்று பெருமையாக எழுதியிருப்பது லாரியைத் தீப்பெட்டி ஆக்கிவிடும், நாம் தப்பிக்கப் பார்ப்பதே அதிலிருந்துதான். இந்தப் பக்கம் படம் இடம் வலம் திருப்பியே இருக்க வேண்டும், மிரர் காட்டுவது போலவே. திரை கொஞ்சம் மங்கினாலும் அப்பாவுக்கும் பரவாயில்லை, ஏனென்றால் இதில் தூரம் பார்க்கப் போவதில்லை, அந்த இடம் காலியா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

எனவே கடைக்காரரிடம் போய்ப் பேக் கேமரா ஒன்று, இடது மிரர் கேமரா ஒன்று, டிலே ரிலே ஒன்று என்று கேளுங்கள், 12 இஞ்ச் மிரரைக் கல்யாண சீசன் வரைக்கும் தள்ளிப் போடலாம். வலது பக்கக் கேமராவுக்கு அவர் வற்புறுத்துவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தக் கண்ணாடி உங்கள் மூக்குக்கு எதிரிலேயே இருக்கிறது. உங்கள் நேவியின் மாடல் நம்பரையும் பின்பக்க சாக்கெட்டின் படத்தையும் அனுப்பினால் அசல் கேமராவை இணைக்க எந்த அடாப்டர் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.